கடைசியாக அவனைப் பார்த்தது யார்?

முன்னாள் படைவீரர்களின் நினைவுகளைத் தேடித் தேடிக் கேட்கும் பழக்கம் எனக்குப் பல வருடங்களாக உண்டு. ஒலிப்பதிவு, நேர்காணல், அவர்களே எழுதிவைத்த குறிப்பு, எது கிடைத்தாலும் விடுவதில்லை. வெற்றி தோல்விக் கணக்குகளைவிட என்னைப் பிடித்து நிறுத்துவது அவற்றில் அடிக்கடி வரும் ஒரு கேள்விதான். இறந்துபோன வீரரின் தங்கையோ மகனோ, சில சமயம் பேத்தியோ கேட்பார்கள்: "அவர் உங்கள் பட்டாலியனில்தான் இருந்தார். நான் அவரைப் பார்த்ததே இல்லை. கடைசி நேரத்தில் அவர் பக்கத்தில் யாராவது இருந்தீர்களா?"

வீட்டுக்கு வந்த தந்தியில் தேதி இருக்கும். போரில் உயிரிழந்தார் என்று ஒரு வரி இருக்கும். எப்படி, எங்கே, ரொம்ப நேரம் துடித்தாரா, ஏதாவது சொன்னாரா என்பதெல்லாம் இருக்காது. அந்தக் குடும்பம் அதற்கப்புறம் வாழும் ஐம்பது அறுபது வருடமும் அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டுதான் வாழும். மிச்சத்தைச் சொல்லக்கூடியவர்கள் உலகத்திலேயே இரண்டு மூன்று பேர்தான். அவர்களும் பெரும்பாலும் வாயைத் திறக்காதவர்கள்.

போர் நினைவுகளைப் பகிர்வது பற்றிப் பேசும்போது 'சொன்னால் மனப்பாரம் குறையும்' என்கிறோம். குறையலாம். ஆனால் அதை மட்டும் சொல்லும்போது நினைவு முழுக்க முழுக்க அந்த வீரருடைய சொந்த விஷயம் என்று ஆகிவிடுகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. உயிரோடு திரும்பி வந்தவரின் நினைவில் திரும்பி வராதவருக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அந்தப் பங்கை உரியவர்களிடம் சேர்ப்பதற்குத்தான் இவர்களில் பலர் கடைசிக் காலத்திலாவது பேச ஆரம்பிக்கிறார்கள் என்று நம்புகிறேன்.

முதல் உலகப் போரில் குடும்பங்களுக்கு இப்படிப் பதில் தேடித் தருவது ஒரு முழுநேர வேலையாகவே நடந்தது. பெல்ஜியத்தில் ஈப்ர நகரத்திலுள்ள மெனின் வாயிலில், கல்லறை எதுவென்று தெரியாமல் போன 54,000-க்கும் அதிகமானவர்களின் பெயர்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. பிரான்சின் தியெப்வால் நினைவகத்தில் 72,000-க்கும் மேல். இவர்களில் பலரின் வீடுகளுக்கு அன்று போனது 'காணவில்லை' என்ற தகவல்தான். 1915 அக்டோபரில் வீரா டீக்கின் என்ற ஆஸ்திரேலியப் பெண், செஞ்சிலுவைச் சங்கத்துக்காகக் கெய்ரோவில் ஓர் அலுவலகத்தைத் தொடங்கினார். அவருக்கு அப்போது 23 வயது. அப்பா ஆல்ஃபிரட் டீக்கின் நாட்டின் பிரதமராக இருந்தவர். காயமடைந்தவர்கள், காணாமல் போனவர்கள் பற்றி விசாரித்துக் குடும்பங்களுக்குப் பதில் எழுதுவதுதான் அலுவலகத்தின் வேலை. ராணுவம் பிரான்ஸ், பெல்ஜியம் பக்கமிருந்த மேற்குப் போர்முனைக்கு நகர்ந்ததும் 1916-ல் அலுவலகமும் லண்டனுக்கு நகர்ந்தது.

வேலை நடந்த விதத்தைப் பாருங்கள். காணாமல் போனவர்களின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்கள் ராணுவ மருத்துவமனைகளுக்குப் போவார்கள். கட்டில் கட்டிலாக நின்று, அந்தந்தப் பிரிவைச் சேர்ந்த காயமடைந்தவர்களிடம் கேட்பார்கள். இவரைத் தெரியுமா, எங்கே பார்த்தீர்கள், விழுந்ததைக் கண்ணால் கண்டீர்களா, இல்லை யாரோ சொல்லிக் கேட்டதா? பிரிட்டிஷ் எழுத்தாளர் இ. எம். ஃபார்ஸ்டர்கூட செஞ்சிலுவைச் சங்கத்துக்காக அலெக்சாந்திரியா மருத்துவமனைகளில் இந்த விசாரிப்பு வேலையைச் செய்தவர்தான்.

ஆஸ்திரேலியர்கள் பற்றிய அந்தக் கோப்புகள் சுமார் 32,000 இருக்கின்றன. இன்று கான்பெர்ராவில் உள்ள போர் நினைவகத்தின் பாதுகாப்பில் உள்ளன. அவற்றில் சிலவற்றை வாசித்தவர்களுக்குத் தெரியும், ஒரே ஆளைப் பற்றி ஒருவர் பீரங்கி ஷெல் விழுந்து அந்த இடத்திலேயே போய்விட்டார் என்பார், இன்னொருவர் ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனதைப் பார்த்தேன் என்பார். அதனால்தான் சாட்சி சொன்னவர்களிடம் ஆளின் அடையாளமும் கேட்டார்கள். உயரமா குள்ளமா, முடி என்ன நிறம், பட்டப்பெயர் என்ன, பட்டாளத்தில் சேருவதற்கு முன்னால் என்ன வேலை. ஒரு மனிதனைப் பற்றி அவன் தோழர்களுக்குத் தெரிந்த இந்தச் சின்ன விஷயங்கள்தான், இது அவன்தான் என்று ஒரு தாய்க்கு உறுதி சொல்ல உதவின. வீரம், தியாகம் என்ற சொற்களால் அந்த வேலை ஆகியிருக்காது.

சரி, இவ்வளவு தெரிந்தவர்கள் வீட்டில் ஏன் பேசுவதில்லை?

என் பெரியப்பா போர் பார்த்தவர். நாங்கள் பிள்ளைகள் எவ்வளவு கேட்டாலும், "அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா" என்பதோடு சரி. அவரோடு ஒரே பிளட்டூனில் இருந்த நண்பர் வந்தால் மட்டும் ஆளே மாறிவிடுவார். விடிய விடியப் பேச்சு. நான் பக்கத்து அறையில் படுத்துக்கொண்டு கேட்டிருக்கிறேன். சண்டையைப் பற்றி இருக்கும் என்று பார்த்தால், லாரியில் யார் எந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள், ரேடியோ செட்டைத் தூக்கி வந்தவன் பெயர் என்ன, மழை அன்றைக்கா மறுநாளா என்று வாதம் நடக்கும். ஒருவர் பாதி வாக்கியத்தில் நிறுத்துவார், மற்றவர் "ஆமா" என்பார். விட்டுப்போன பாதி என்னவென்று அவர்கள் இருவருக்கும் தெரியும். நாங்கள் கேட்டால் அந்தப் பாதியையும் அவர் சொல்லியாக வேண்டும், சொல்லி விளக்கவும் வேண்டும். அதைத்தான் அவரால் முடியவில்லை என்று இப்போது புரிகிறது.

இதில் நம்மைப் பற்றிய பயமும் ஒன்று இருக்கிறது. கேட்கிறவர் அருவருப்பாரோ, பரிதாபப்படுவாரோ, இல்லை கைதட்டிவிடுவாரோ என்ற பயம். மூன்றையும் அவர்களால் தாங்கிக்கொள்ள முடிவதில்லை. கைதட்டலைத்தான் கொஞ்சமும் தாங்க முடிவதில்லை என்று நினைக்கிறேன்.

பிரிட்டிஷ் வீரர் ஹாரி பேட்ச் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில் சண்டையிட்டவர்களில் கடைசியாக உயிரோடிருந்தவர் அவர். 2009 ஜூலை 25 அன்று 111 வயதில் இறந்தார். பெல்ஜியத்தில் நடந்த பேஷன்டேல் சண்டையில் ஐந்து பேர் கொண்ட லூயிஸ் இயந்திரத் துப்பாக்கிக் குழுவில் இருந்தார். 1917 செப்டம்பர் 22 இரவு ஒரு ஷெல் வெடித்து மூன்று பேர் இறந்தார்கள், அவருக்குக் காயம். அதன்பிறகு சுமார் 80 வருடம் அவர் யாரிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை. மனைவியிடம்கூட. போர்ப் படம் ஒன்றையும் பார்த்ததில்லை. 1998-ல் நூறு வயதான பிறகு, நேர்காணலுக்கு ஆட்கள் தேடி வந்த பிறகுதான் வாயைத் திறந்தார். முதியோர் இல்லத்தில் எதிர் அறை விளக்கைப் பணியாளர்கள் போடும்போது, அரைத் தூக்கத்தில் அது குண்டு வெடிக்கும் ஒளியாகத் தெரியும் என்று சொன்னார்.

அந்தப் போர் முடிந்த நவம்பர் 11 பிரிட்டன் போன்ற நாடுகளுக்கு நினைவு நாள். தனக்கு அது செப்டம்பர் 22 என்பதுதான் பேட்ச் சொன்னது. நாடு வைத்த தேதியை அவர் குறைசொன்னதாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. லட்சக்கணக்கானவர்களுக்காக ஒரு நாளில் அவரால் துக்கப்பட முடியவில்லை, அந்த மூன்று பேருக்காக முடிந்தது. 2004-ல், 106 வயதில், அதே பேஷன்டேலில் எதிர்ப்பக்கம் ஜெர்மானியப் படையில் இருந்த சார்லஸ் குவென்ட்ஸைச் சந்தித்தார். குவென்ட்ஸுக்கு 107 வயது. அந்தச் சண்டையைப் பேட்சோடு உட்கார்ந்து பேசுவதற்கு உலகத்தில் மிஞ்சியிருந்த ஆட்களில் ஒருவர், அன்று அவரை நோக்கிச் சுட்ட பக்கத்தைச் சேர்ந்தவர். 'அங்கே இருந்தவன்' என்பது 'நம் பக்கத்தில் இருந்தவன்' என்பதைவிட நெருக்கமான உறவாக ஆகிவிடுகிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

உடனிருந்தவர்கள் கூடிப் பேசுவதில் ஒரு பலம் இருக்கிறது என்பதை மருத்துவ உலகம் மெதுவாகத்தான் கற்றுக்கொண்டது. 1970 டிசம்பரில் நியூயார்க்கில், வியட்நாமிலிருந்து திரும்பிய வீரர்கள் சிலர் தங்களுக்குள் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள். சைம் ஷட்டான், ராபர்ட் ஜே லிஃப்டன் என்ற இரண்டு மனநல மருத்துவர்களும் போய் உட்கார்ந்தார்கள். அங்கே அவர்கள் வைத்தியர்களாக இல்லை, வட்டத்தில் ஒருவராகத்தான் இருந்தார்கள். எந்த நோய்ப் பெயருக்குள்ளும் சரியாக அடங்காத ஒன்றை அந்த வீரர்கள் ஒருவருக்கொருவர் விவரித்தார்கள். பத்து வருடம் கழித்து, 1980-ல், அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் 'பி.டி.எஸ்.டி.' (பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநலப் பாதிப்பு) என்ற பெயர் இடம்பெற்றதற்கு அந்தப் பேச்சுகளும் ஒரு காரணம். நோயாளிகள் தங்களுக்குள் பேசியது மருத்துவத்தின் பாடப்புத்தகத்தை மாற்றியிருக்கிறது.

ஆனால் பேச்சு எல்லாவற்றையும் ஆற்றிவிடும் என்று நான் சொல்லவரவில்லை. இதை மிக நேர்மையாகப் பதிவுசெய்தவர் டபிள்யூ. ஹெச். ஆர். ரிவர்ஸ். 1917-ல் எடின்பரோ அருகே கிரெய்க்லாக்கார்ட் ராணுவ மருத்துவமனையில் அதிகாரிகளுக்குச் சிகிச்சை தந்தவர். அந்தக் காலத்தில் எல்லோரும் 'அதை நினைக்காதே, மறந்துவிடு' என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, மறக்க முயல்வதுதான் இரவில் கனவாகத் திரும்பி வருகிறது என்றார். அவர் எழுதிய இரண்டு பேரின் கதைகளை நான் பல முறை வாசித்திருக்கிறேன்.

முதலாமவர், உடன் இருந்த அதிகாரியைத் தேடிப் போனவர். ஷெல்லில் சிதறிப்போன உடலைத்தான் கண்டெடுத்தார். தலை ஓரிடம், கை கால் ஓரிடம். அன்றிலிருந்து தினமும் கனவில் அந்த உருவம். உறங்கவே பயம். ரிவர்ஸ் அவரிடம் சொன்னது ஒன்றுதான்: உடல் அப்படிச் சிதறியிருக்கிறது என்றால் அவர் அந்தக் கணமே போய்விட்டார், வலி தெரிந்திருக்காது. அந்த அதிகாரி சட்டென்று தெளிந்தார். இனிமேல் நினைக்க மறுக்க மாட்டேன், நினைக்கும்போது இதை நினைப்பேன் என்றார். சில நாள் கனவு வரவில்லை. அப்புறம் வந்த கனவில் நண்பரின் உடல் இருந்தது, பழைய பயங்கரம் இல்லை. அவர் மண்டியிட்டு, குடும்பத்துக்கு அனுப்ப வேண்டிய பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். உண்மையிலும் அன்று அவர் அதைச் செய்திருந்தார். பயம் மறைத்து வைத்திருந்த பகுதி அது.

இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். நினைவில் அவர் தேடிக்கொண்டிருந்தது ஆறுதலை அல்ல, செய்து முடித்த கடமையை. நண்பனுக்காக, நண்பனின் வீட்டாருக்காகத் தன் கையால் செய்த ஒன்றை.

இரண்டாமவருக்கு அப்படி எதுவும் இல்லை. ஷெல் வெடித்ததில் தூக்கி எறியப்பட்டு, பல நாளாகக் கிடந்து ஊதிப்போன ஓர் எதிரி வீரனின் வயிற்றில் முகம் மோதி விழுந்தவர் அவர். அந்த வாடையும் ருசியும் அவரை விடவில்லை. அந்த அனுபவத்தில் பற்றிக்கொள்ள ஒரு நல்ல துரும்புகூட இல்லை என்று ரிவர்ஸ் வெளிப்படையாக எழுதினார். இதையும் சேர்த்து எழுதியதால்தான் அவர்மேல் எனக்கு மதிப்பு. சில நினைவுகளைப் பகிர்ந்தும் பயனில்லாமல் போகலாம். 'பேசுங்கள், பேசினால் சரியாகிவிடும்' என்று வற்புறுத்துகிறவர்கள் இந்த இரண்டாவது மனிதரை மறந்துவிடக் கூடாது.

அடுத்து ஒரு சங்கடமான விஷயம். இந்த நினைவுகள் எவ்வளவு தூரம் நம்பத்தக்கவை? 1991 வளைகுடாப் போரிலிருந்து திரும்பிய 59 பேரிடம், திரும்பிய ஒரு மாதத்திலும் இரண்டு வருடத்திலும் ஒரே கேள்விகளைக் கேட்டார்கள். நேருக்கு நேர் கண்ட பயங்கரங்கள் பற்றிய கேள்விகள். 88 சதவீதம் பேர் குறைந்தது ஒரு கேள்விக்காவது பதிலை மாற்றினார்கள். முதல் முறை இல்லை என்ற ஒன்றை இரண்டாம் முறை ஆம் என்றவர்கள் 70 சதவீதம். அவர்கள் பொய்யர்கள் இல்லை. நினைவு அப்படித்தான் வேலை செய்கிறது, இடையில் கேட்டது, பார்த்தது, பயந்தது எல்லாம் அதோடு கலந்துவிடுகிறது.

இதற்காகத்தான் கூட இருந்தவர்கள் பலர் சேர்ந்து பேசுவது அவ்வளவு முக்கியம் என்கிறேன். பெரியப்பாவும் நண்பரும் மழை எந்த நாள் என்று வாதாடியதை அன்று நான் வீண் பேச்சு என்று நினைத்தேன். இப்போது அது ஒரு விசாரணையாகத் தெரிகிறது. ஒருவரின் தவறை மற்றவர் திருத்துகிறார், இருவரும் ஒப்புக்கொண்டது நிற்கிறது. போருக்கே போகாமல் போர்க்கதை சொல்லித் திரிகிறவர்களையும் இவர்கள்தான் முதலில் கண்டுபிடிக்கிறார்கள். எந்தப் பிரிவு, யார் கமாண்டர், முகாம் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று இரண்டு கேள்வி போதும். அந்த மாதிரி ஆள் மாட்டும்போது இவர்களுக்கு வரும் கோபம் வெளியாளுக்கு மிகையாகப் படலாம். இறந்தவனின் பங்கை எவனோ திருடிப் போகிறான் என்று பார்த்தால் அந்தக் கோபம் நியாயமாகத்தான் இருக்கிறது.

காகிதம் இருக்கிறதே, அதைப் பார்த்துக்கொள்ளலாமே என்பவர்களுக்கு 1973 ஜூலை 12-ஐ நினைவுபடுத்துவேன். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் அருகே ராணுவப் பணி ஆவணக் காப்பகம் தீப்பிடித்தது. 1.6 கோடியிலிருந்து 1.8 கோடி வரையிலான பணிக்கோப்புகள் அழிந்தன. 1912-க்கும் 1960-க்கும் இடையே தரைப்படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் கோப்புகளில் சுமார் 80 சதவீதம் போயிற்று. நகல் கிடையாது, மைக்ரோஃபிலிம் கிடையாது. இரண்டு உலகப் போர்களும் கொரியப் போரும் அந்தக் காலத்துக்குள் வருகின்றன. கால் ஊனம் போரில்தான் வந்தது என்று நிரூபித்து உதவித்தொகை வாங்க வேண்டிய ஒரு கிழவருக்கு, "ஆமாம், அன்று இவர் என் பக்கத்தில்தான் அடிபட்டு விழுந்தார்" என்று எழுதிக் கையெழுத்துப் போட ஒரு தோழர் இருந்தால் அது ஆவணத்துக்கு ஈடாகும் சாட்சி. தோழரின் முகவரி தெரியாவிட்டால் என்ன செய்வது? அதற்காக முதுமையில் ஒருவரையொருவர் தேடி அலைந்திருக்கிறார்கள். நினைவு அங்கே உணர்ச்சி அல்ல, சோறு.

வாஷிங்டனில் உள்ள வியட்நாம் போர் நினைவுச் சுவர் 1982-ல் திறக்கப்பட்டது. மாயா லின் அதை வடிவமைத்தபோது 21 வயது மாணவி. 58,000-க்கும் அதிகமான பெயர்கள், அகரவரிசையில் இல்லாமல் விழுந்த நாள் வரிசையில். பெயர் தேடுவது கஷ்டம் என்று அப்போது எதிர்ப்பும் வந்தது. ஆனால் அங்கே நிற்கும் ஒரு முன்னாள் வீரருக்கு அந்த வரிசை வேறு மாதிரி வேலை செய்கிறது. ஒரே நாளில், ஒரே மோதலில் போன தோழர்கள் சுவரிலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள். தான் இருந்த நாளுக்கு நேரே போய் நின்று, அங்கே தன் பெயர் மட்டும் இல்லாததை அவரால் பார்க்க முடிகிறது. அகரவரிசை குடும்பப் பெயரைத்தான் காட்டியிருக்கும்.

இவர்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். 1941-ல் ஜப்பான் தாக்கிய பேர்ல் ஹார்பரில் தப்பியவர்கள் 1958-ல் தொடங்கிய சங்கம், நடத்த ஆளில்லாமல் 2011 டிசம்பர் கடைசியில் கலைக்கப்பட்டது. லண்டனின் இம்பீரியல் போர் அருங்காட்சியகம் குரல்களைப் பதியத் தொடங்கியது 1972-ல்தான், அதற்குள் முதல் உலகப் போர்க்காரர்கள் எழுபது எண்பது வயதைத் தொட்டுவிட்டார்கள். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் படைவீரர் வரலாற்றுத் திட்டம் 2000-ல் சட்டமாகி வந்தது. அவர்கள் வைத்திருக்கும் விதி எனக்கு மிகப் பிடிக்கும்: பதிவு குறைந்தது 30 நிமிடம் இருக்க வேண்டும், வெட்டி ஒட்டக் கூடாது. தயக்கம், இருமல், நீண்ட மௌனம் எல்லாம் அப்படியே இருக்கும். வளர்ந்த ஒரு பேரப்பிள்ளைகூட உட்கார்ந்து பதியலாம்.

நீங்கள் அப்படி உட்காரப் போகிறீர்கள் என்றால், இவ்வளவு காலம் கேட்டதிலிருந்து எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். "எத்தனை பேரைக் கொன்றீர்கள்?" என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குப் பிறகு அவர் உங்களிடம் பேச மாட்டார், பேசினாலும் அது அவர் பேச்சாக இருக்காது. பூட்ஸ் சரியாக இருந்ததா, எங்கே தூங்கினீர்கள், கடிதம் வர எத்தனை நாள் ஆகும் என்று தொடங்குங்கள். அவர் நிறுத்தினால் நீங்களும் நிறுத்துங்கள். மௌனத்தை நிரப்ப அடுத்த கேள்வியைப் போடாதீர்கள், நல்ல சாட்சியங்கள் பல அந்த மௌனத்துக்குப் பின்னால்தான் வந்திருக்கின்றன. வேறொரு நாள் முன்னுக்குப் பின் மாற்றிச் சொன்னால் மடக்காதீர்கள், இரண்டையும் தேதி போட்டு எழுதி வையுங்கள்.

பிரிவின் பெயரையும் எண்ணையும் எழுதுங்கள். இடம், மாதம், வருடம். இடதுபக்கம் இருந்தவர் பெயர், வலதுபக்கம் இருந்தவர் பெயர், பட்டப்பெயர் மட்டும்தான் நினைவிருக்கிறது என்றால் அந்தப் பட்டப்பெயர். அவர்களில் யாராவது திரும்பி வரவில்லை என்றால், அவர் வீட்டாரிடம் யாராவது பேசினார்களா என்று கேளுங்கள். இல்லை என்றால், இப்போது சொல்லலாமா என்று கேளுங்கள். ஐம்பது வருடம் கழித்தும் அந்தத் தங்கையோ மகனோ அந்தப் பதிலுக்காகக் காத்திருக்கலாம்.